அம்மாவுக்குக் குட்டிச்சாத்தான், எனக்குக் கிஷ்கிந்தா... ரெண்டுக்கும் பின்னால இருந்தது ஒரே ஆள்!

எங்க வீட்டு பீரோ மேல ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கு. உள்ளே முழுக்க போட்டோக்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் அதுல ஒண்ணை மட்டும் தவறாம எடுத்துக் காட்டுவோம். முழங்கால் அளவு தண்ணியில, நூல் புடவையை இடுப்புல இழுத்துச் செருகிக்கிட்டு எங்க ஆயா நிக்கிறாங்க. ஒரு கையில நான், இன்னொரு கையில தங்கச்சி. ஆயா வாய்விட்டுச் சிரிக்கிறாங்க. அப்படிச் சிரிக்கிற இன்னொரு போட்டோ அவங்களுக்குக் கிடையாது.

இடம், கிஷ்கிந்தா. மேற்குத் தாம்பரம். எனக்கு அப்போ ஏழு வயசு.

சிங்கப்பெருமாள் கோயில்ல வளர்ந்த பசங்களுக்கு முழுப்பரீட்சை லீவுன்னா ஒரு லிஸ்ட் உண்டு. வண்டலூர் ஜூ, மாமல்லபுரம், போற வழியில முதலைப் பண்ணை, கொஞ்சம் கையில காசு இருந்தா ஈ.சி.ஆர்-ல எம்.ஜி.எம். இந்த லிஸ்ட்ல உச்சியில இருந்தது கிஷ்கிந்தாதான். காலையில அப்பா எழுப்புறதுக்கு முன்னாடியே எழுந்து, நரசிம்மர் கோயில் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டுட்டு, செங்கல்பட்டுல இருந்து வர்ற மின்சார ரயிலைப் பிடிச்சா, மறைமலை நகர், பொத்தேரி, கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம்னு ஒவ்வொரு ஸ்டேஷனா எண்ணிக்கிட்டே தாம்பரம் வந்துடும். 90ஸ் கிட்ஸ், 2கே கிட்ஸோட முதல் பேட்ச், எல்லாருக்கும் இப்படி ஒரு ரயிலோ, ஸ்கூல் டூர் பஸ்ஸோ ஞாபகத்துல இருக்கும்.

போன மாசம் இந்த போட்டோவைப் பார்த்துக்கிட்டே அம்மா வேற ஒரு கதை சொன்னாங்க. அவங்க சின்னப் பொண்ணா இருந்தப்போ, இதே ஆயா அவங்களை மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு படம் காட்டினாங்களாம். கண்ணாடி போட்டுப் பார்க்குற படம். திரையில இருந்து ஐஸ்கிரீம் நீண்டு வந்தப்போ தியேட்டர்ல இருந்த அத்தனை பிள்ளைகளும் கையை நீட்டினாங்களாம். ஆயாவும் நீட்டினாங்களாம்.

படம், 'மை டியர் குட்டிச்சாத்தான்'.

அம்மாவுக்கும் ஆயாவுக்கும் அந்த ஐஸ்கிரீமைக் காட்டினவரும், எனக்கும் ஆயாவுக்கும் அந்த அலைக்குளத்தைக் கட்டினவரும் ஒரே ஆள்னு எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. எனக்கே இந்தக் கட்டுரைக்காகத் தேட ஆரம்பிச்ச பிறகுதான் தெரிஞ்சது. அவர் பெயர் நவோதயா அப்பச்சன்.

தண்ணீர் ஊர்ல பிறந்த பையன்

கேரளாவில் குட்டநாடுன்னு ஒரு பகுதி இருக்கு. கடல் மட்டத்துக்கும் கீழே இருக்குற நிலத்துல கரை கட்டி நெல் விளைவிக்கிற ஊர்கள். எங்க திரும்பினாலும் ஆறு, காயல், படகு. அங்கே புளிங்குன்னு என்ற ஊரில் 1924 பிப்ரவரி 6-ம் தேதி பிறந்தவர் மாளியம்புரக்கல் சாக்கோ புன்னூஸ். வீட்டுல கூப்பிட்ட பெயர்தான் அப்பச்சன். கடைசி வரைக்கும் அந்தப் பெயர்லதான் உலகத்துக்குத் தெரிஞ்சார்.

அவருக்கு 12 வயசு மூத்த அண்ணன் ஒருத்தர். பெயர் குஞ்சாக்கோ. இந்தப் பெயரைக் கேட்டதும் உங்களுக்கு ஓ.டி.டி-யில பார்த்த ஒரு நடிகர் ஞாபகம் வரணுமே? ஆமாம், குஞ்சாக்கோ போபன் இந்த அண்ணனோட பேரன்தான்.

அந்தக் காலத்துல மலையாளப் படம் எடுக்கணும்னா தமிழ்நாட்டுக்குத்தான் வரணும். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938) படத்தைத் தயாரிச்சதே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். நம்ம ஊர்லயே ஒரு ஸ்டுடியோ இருந்தா என்னன்னு யோசிச்ச குஞ்சாக்கோ, 1947-ல் ஆலப்புழா பக்கத்துல பாதிரப்பள்ளியில் உதயா ஸ்டுடியோவைத் தொடங்கினார். உலக உருண்டை மேல நின்னு சேவல் கூவுறதுதான் உதயாவோட சின்னம். அங்கிருந்து வந்த 'ஜீவித நௌகா' (1951) சக்கைப்போடு போட்டது. வடக்கன் பாட்டுன்னு சொல்ற வீரர் கதைகளைப் படமா எடுத்து, ஜனங்களைத் திருவிழா மாதிரி தியேட்டருக்கு வரவழைச்சது உதயா.

அண்ணன் முன்னாடி நிக்க, தம்பி பின்னாடி நின்னு வேலையைக் கத்துக்கிட்டார். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் இல்லை... கிட்டத்தட்ட மூணு தலைமுறை நடிகர்கள் வந்துபோற அளவு காலம்!

52 வயசுல முதல் அடி

1976-ல் குஞ்சாக்கோ காலமானார். அதே வருஷம் அப்பச்சன் உதயாவை விட்டு வெளியே வந்தார். கொச்சி பக்கத்துல காக்கநாட்டில் சொந்தமா ஒரு ஸ்டுடியோ தொடங்கினார். பெயர், நவோதயா. புதிய உதயம்.

அப்போ அவருக்கு வயசு 52.

இருபத்தேழு வயசுலயே லைஃப்ல எதுவும் பண்ணலையேன்னு ராத்திரி ரெண்டு மணிக்கு மொபைலை ஸ்க்ரோல் பண்ணிட்டு இருக்குற நமக்கு, இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய நம்பர். ரிட்டையர்மென்ட் கணக்கு போடுற வயசுல அவர் முதல் செங்கல்லை வெச்சார். அவரைப் பத்தி நாம பேசுற எல்லாமே அதுக்கு அப்புறம் நடந்ததுதான்.

1978-ல் 'கடத்தநாட்டு மாக்கம்'. அதே வருஷம் 'தச்சோளி அம்பு'. மலையாளத்தின் முதல் சினிமாஸ்கோப் படம் அது. அப்பச்சனே இயக்கினார். பிரேம் நசீர் ஹீரோ. தச்சோளி ஒதேனனா நடிச்சது யார் தெரியுமா? நம்ம சிவாஜி கணேசன்!

சினிமாஸ்கோப்னா சும்மா பெரிய திரை மட்டும் இல்லை. அகலமான காட்சியைக் கேமரா லென்ஸ் பக்கவாட்டில் நெருக்கி பிலிம்ல பதியும். தியேட்டர்ல புரொஜக்டர் லென்ஸ் அதைத் திரும்ப விரிச்சுக் காட்டும். பார்க்குறவங்க கண்ணோட ஓரம் வரைக்கும் படம் நிறைஞ்சிருக்கும். கதையை வெளியே உட்கார்ந்து பார்க்குற உணர்வு குறைஞ்சு, அதுக்குள்ளேயே இருக்குற உணர்வு கூடும்.

இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க. ஏன்னா, அப்பச்சனோட மிச்ச வாழ்க்கை முழுக்க இந்த ஒரே திசையிலதான் போச்சு.

மோகன்லாலும் பேபி ஷாலினியும் வந்த கதவு

பிரமாண்டம் ஒரு பக்கம் இருக்க, புது ஆட்களை நம்புறதுலயும் அவர் துணிச்சல்காரர். 1980 டிசம்பரில் 'மஞ்ஞில் விரிஞ்ஞ பூக்கள்' வந்தது. கொடைக்கானல்ல எடுத்த காதல் கதை. இயக்குநர் ஃபாசிலுக்கு அது முதல் படம். நம்ம ஃபகத் ஃபாசிலோட அப்பா! ஹீரோ சங்கர். ஹீரோயின் பூர்ணிமா, பின்னாளில் பூர்ணிமா பாக்யராஜ். வில்லனா ஒரு புதுப் பையனைப் போட்டாங்க. பெயர் மோகன்லால். அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.

1982-ல் 'படயோட்டம்'. மலையாளத்தின் முதல் 70 எம்.எம். படம். அலெக்ஸாண்டர் டூமாவின் 'கவுன்ட் ஆஃப் மான்டி கிறிஸ்டோ' நாவலைத் தழுவிய கதை. இயக்கியது அப்பச்சனின் மகன் ஜிஜோ. இதுல ஒரு மீம் மெட்டீரியல் இருக்கு: மம்மூட்டிக்கு மகனா மோகன்லால் நடிச்சிருப்பார்!

1983-ல் ஃபாசில் இயக்கத்துல 'என்டெ மாமாட்டிக்குட்டியம்மைக்கு'. குழந்தையை இழந்த ஒரு தம்பதி, அவங்க தத்தெடுக்குற ஒரு சின்னப் பொண்ணு, அவளைத் தேடி வர்ற பெத்த அப்பா. அந்தச் சின்னப் பொண்ணா நடிச்சு ஒரே படத்துல எல்லார் வீட்டுக்கும் செல்லமானவர் பேபி ஷாலினி. இன்னைக்கு ஷாலினி அஜித்குமார். இந்தக் கதைதான் பிறகு தமிழ்ல 'என் பொம்முக்குட்டி அம்மாவுக்கு' என்று வந்தது.

ஒரு குழந்தை வீட்டுக்குள்ள என்ன மாயம் பண்ணும்னு அந்தப் படம் காட்டுச்சு. அடுத்த வருஷமே அவர் எடுத்தது, நிஜமான மாயக்காரக் குழந்தையைப் பத்தின படம்.

மெட்ராஸ் ஐ வதந்தியும் ரஜினி கொடுத்த உறுதியும்

1984 ஆகஸ்ட் 24. 'மை டியர் குட்டிச்சாத்தான்' ரிலீஸ். இந்தியாவின் முதல் 3டி படம். ஜிஜோ இயக்கம். ரகுநாத் பலேரி எழுத்து. இசை, இளையராஜா. ஒளிப்பதிவு, அசோக் குமார். ஒரு மந்திரவாதிகிட்ட அடிமையா மாட்டிக்கிட்ட குட்டிச்சாத்தானை மூணு பிள்ளைகள் விடுவிச்சு நண்பனா ஆக்கிக்கிற கதை. தமிழ் பேசியும் வந்தது.

இந்த முடிவு எவ்வளவு பெரிய ரிஸ்க்னு புரியணும்னா 3டி எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் பார்க்கணும். நம்ம ரெண்டு கண்ணும் ஒரே பொருளைக் கொஞ்சம் வேற வேற கோணத்துல பார்க்குது. மூளை ரெண்டையும் சேர்த்து ஆழத்தைக் கண்டுபிடிக்குது. 3டி படம் எடுக்கும்போதும் அதேதான்... வலது கண்ணுக்கு ஒரு பிம்பம், இடது கண்ணுக்கு ஒரு பிம்பம். தியேட்டர்ல ரெண்டும் ஒரே திரையில விழும். நாம போடுற கண்ணாடி அந்தந்தக் கண்ணுக்கு உரியதை மட்டும் உள்ளே விடும். அதுக்குச் சாதாரண வெள்ளைத் திரை ஒத்துவராது, வெள்ளி பூசின திரை வேணும். புரொஜக்டருக்குத் தனி லென்ஸ் வேணும். ஆளுக்கொரு கண்ணாடி வேணும். அதாவது படத்தை மட்டும் எடுத்தா போதாது. ஊர் ஊராப் போய் தியேட்டரையும் மாத்தணும்!

இதைக் கத்துக்க ஜிஜோ அமெரிக்காவின் பர்பேங்க் நகருக்குப் போனார். அங்கே 3டி லென்ஸ் வல்லுநர் கிறிஸ் காண்டனைச் சந்திச்சார். சில 3டி படங்களோட மாதிரிச் சுருள்களை வாங்கி வந்து நவோதயாவில் போட்டுப் பார்த்தாங்க. யூடியூப் டுட்டோரியல் இல்லாத காலம். பணம் போட்டது அறுபது வயசு அப்பா.

படம் ஓட ஆரம்பிச்சதும் ஒரு சிக்கல். ஒருத்தர் போட்ட கண்ணாடியை இன்னொருத்தர் போட்டா கண் நோய் பரவும்னு வதந்தி கிளம்புச்சு. நம்ம ஊர் பாஷையில சொன்னா, மெட்ராஸ் ஐ. குழந்தைகளுக்காக எடுத்த படத்துக்கு இதைவிடப் பெரிய அடி வேணுமா? எந்த அம்மா பிள்ளையைக் கூட்டிட்டு வருவாங்க?

அப்பச்சன் இதுக்குப் பதிலை திரையிலேயே கொடுத்தார். படம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பிரேம் நசீர், அமிதாப் பச்சன், ஜிதேந்திரா, ரஜினிகாந்த், சிரஞ்சீவி போன்ற நட்சத்திரங்கள் தோன்றி, ஒவ்வொரு காட்சிக்கும் கண்ணாடிகளைக் கிருமி நீக்கம் பண்ணித்தான் கொடுக்கிறோம்னு உறுதி சொன்னாங்க. குடும்பங்கள் திரும்ப வந்தன. அதுல எங்க ஆயாவும் அம்மாவும் இருந்திருக்காங்க.

பல வருஷம் கழிச்சும் அந்தப் படத்துக்கு மவுசு குறையலை. 1998-ல் புதுக் காட்சிகள் சேர்த்து 'சோட்டா சேத்தன்'னு இந்தியில வந்தப்போ வடக்கேயும் பிள்ளைங்க கண்ணாடியை மாட்டிக்கிட்டு உட்கார்ந்தாங்க.

சினிமா செட்டா, ராட்டினமா?

அந்தப் படத்துல ஒரு பாட்டு. பிள்ளைங்க அறைக்குள்ள நடந்துக்கிட்டே போவாங்க. தரையில இருந்து சுவர் மேல ஏறுவாங்க. சுவர்ல இருந்து கூரைக்குப் போவாங்க. தலைகீழா நடந்து, இந்தப் பக்கச் சுவர் வழியா இறங்கி வருவாங்க. கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கிடையாது. எப்படி?

விஷயம் ரொம்ப சிம்பிள், செய்றதுதான் கஷ்டம். இரும்புச் சட்டத்துல ஒரு முழு அறையைக் கட்டினாங்க. கலை இயக்குநர் கே.சேகரின் யோசனை. அந்த அறையே சுத்தும். கேமராவையும் அறையோட சேர்த்துப் பொருத்திட்டாங்க. அறை சுத்தும்போது கேமராவும் கூடவே சுத்தும். பிள்ளைங்க எப்பவும் கீழே இருக்குற பக்கத்துலதான் நடப்பாங்க. ஆனா கேமரா கண்ணுக்கு அறை அசையாம நிக்கும், பிள்ளைங்க சுவர் ஏறுவாங்க.

இப்போ யோசிச்சுப் பாருங்க. பெரிய இரும்புச் சட்டம். அது மெதுவா சுத்துது. உள்ளே பிள்ளைங்க சிரிச்சுக்கிட்டே சமாளிச்சு நடக்குறாங்க. இதுக்குப் பேர் என்ன? ராட்டினம்தானே!

என்னைக் கேட்டா, கிஷ்கிந்தாவோட முதல் ரைடு 1984-லேயே வந்திருச்சு. அது ஒரு சினிமாவுக்குள்ள இருந்ததால யாரும் கவனிக்கலை.

திரைக்கு வெளியே

குட்டிச்சாத்தானுக்கு அப்புறமும் நவோதயா சும்மா இருக்கலை. ரகுநாத் பலேரி இயக்கத்துல 'ஒண்ணு முதல் பூஜ்யம் வரெ' (1986), டி.கே.ராஜீவ் குமார் இயக்கத்துல கமல்ஹாசன் நடிச்ச 'சாணக்யன்' (1989), தொண்ணூறுகளின் தொடக்கத்துல தூர்தர்ஷனுக்காக 'பைபிள் கி கஹானியா' தொடர்னு வேலை நடந்துக்கிட்டே இருந்தது.

அகலத் திரை, 70 எம்.எம்., 3டின்னு ஒவ்வொரு படியிலயும் அவர் பண்ணினது ஒண்ணுதான். பார்க்குறவங்களுக்கும் காட்சிக்கும் நடுவுல இருக்குற தூரத்தைக் குறைச்சுக்கிட்டே வந்தார். 3டிக்கு அப்புறம் மிச்சம் இருந்தது ஒரே படி. திரையையே எடுத்துடறது!

1995-ல் மேற்குத் தாம்பரத்தில் கிஷ்கிந்தா திறந்தாங்க. அப்பச்சனுக்கு அப்போ 71 வயசு. நூறு ஏக்கருக்கும் மேல இடம். ராட்டினங்கள், நீர்ச் சறுக்குகள், செயற்கை அலைக்குளம். ராமாயணத்துல சுக்ரீவனோட வானர ராஜ்யத்துக்குத்தான் கிஷ்கிந்தான்னு பேர். லீவு விட்ட பிள்ளைகள் மேயுற இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்குமா?

சினிமாக்காரர் பார்க் கட்டினது உலகத்துக்குப் புதுசு இல்லை. வால்ட் டிஸ்னி தன் ரெண்டு பெண் பிள்ளைகளை லாஸ் ஏஞ்சல்ஸ்ல கிரிஃபித் பார்க் ராட்டினத்துக்குக் கூட்டிட்டுப் போவார். பிள்ளைங்க சுத்துவாங்க, அவர் பெஞ்சுல உட்கார்ந்திருப்பார். அப்பா அம்மாவும் பிள்ளைகளும் சேர்ந்தே விளையாட ஓர் இடம் ஏன் இல்லைன்னு அங்கே தோணின யோசனைதான் 1955 ஜூலை 17-ம் தேதி டிஸ்னிலேண்டா திறந்தது. இந்தியாவில் டெல்லியின் அப்பு கர் 1984-ல், குட்டிச்சாத்தான் வந்த அதே வருஷம் தொடங்குச்சு. 1989-ல் மும்பையில எஸ்ஸெல் வேர்ல்டு. கிஷ்கிந்தா வந்த அடுத்த வருஷம் ஹைதராபாத்தில் இன்னொரு தயாரிப்பாளர் ராமோஜி ராவ் தன் ஃபிலிம் சிட்டியைத் திறந்தார்.

ஆனா, டிஸ்னிலேண்டுக்கு விமானம் ஏறணும். கிஷ்கிந்தாவுக்கு சிங்கப்பெருமாள் கோயில்ல இருந்து லோக்கல் ட்ரெயின் போதும். இந்த ஒரு வித்தியாசம்தான் எங்களை மாதிரி குடும்பங்களுக்குப் பெரிய விஷயம். அப்பாவுக்கு மாசச் சம்பளம். டிக்கெட் காசை அவர் ரெண்டு மூணு மாசமா எடுத்து வெச்சிருப்பார்னு எனக்கு அப்போ தெரியாது. வருஷத்துக்கு ஒரு தடவை போற இடம்னுதான் தெரியும்.

அலை அடிக்கும்போது அப்பா யார்?

அலைக்குளம் எப்படி வேலை செய்யுதுன்னு எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். ஆழமான முனையில இருக்குற மெஷின், தண்ணியை விட்டுவிட்டுத் தள்ளும். தரை, கடற்கரை மாதிரி சரிவா இருக்கும். தள்ளப்பட்ட தண்ணி சரிவுல ஏறும்போது உயர்ந்து, நம்ம காலடியில வந்து உடையும். அலை வரப் போறதைச் சொல்ல ஹூட்டர் ஊதும். அந்தச் சத்தம் கேட்டதும் எங்கே இருந்தாலும் எல்லாரும் குளத்தைப் பார்த்து ஓடுவாங்க.

அன்னைக்கு ஹூட்டர் ஊதினப்போ ஆயா கரையில பைகளைக் காவல் காத்துட்டு இருந்தாங்க. மாமல்லபுரத்துல நிஜக் கடல்லயே பாதத்தை நனைக்க மாட்டாங்க. இதுல இறங்குவாங்கன்னு யாரும் எதிர்பார்க்கலை. திடீர்னு பைகளை அம்மாகிட்ட கொடுத்துட்டு, புடவையைச் செருகிக்கிட்டு இறங்கிட்டாங்க. எங்க சித்தப்பா கத்துறார், தங்கச்சி கத்துறா. அப்பா கரையில நின்னு கடன் வாங்கின ஃபிலிம் கேமராவுல ஒரே ஒரு கிளிக் பண்ணினார். அதான் அந்த போட்டோ.

தீம் பார்க் ஞாபகங்கள்ல ராட்டினத்தோட பேர் யாருக்கும் நிக்காது. கவனிச்சுப் பாருங்க. எத்தனை அடி உயரம், என்ன வேகம், எதுவும் நிக்காது. நிக்கிறது என்ன? எதுக்குமே பயப்படாத அப்பா கண்ணை இறுக மூடிக்கிட்டு கம்பியைப் பிடிச்சது. எப்பவும் சமையலறையிலேயே பார்த்த அம்மா, சறுக்குல வழுக்கிக்கிட்டு வந்து தண்ணியில விழுந்து சிரிச்சது. பெரியவங்களும் ஒரு காலத்துல குழந்தைகளா இருந்தவங்கதான்னு பிள்ளைகள் கண்ணால பார்க்குற அபூர்வமான இடம் அது.

தியேட்டர்ல எல்லாரும் இருட்டுல, ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்போம். பக்கத்துல இருக்குறவர் முகம் தெரியாது. பார்க்ல வெளிச்சத்துல ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்குறோம். பல வருஷமா சினிமாவோட வாழ்ந்த மனுஷன், எழுபது வயசுக்கு மேல எங்களுக்குத் திறந்துவிட்டது இந்தக் காட்சியைத்தான்.

பெயர் தெரியாத புகழ்

மலையாள சினிமாவுக்கு ஆற்றிய வாழ்நாள் பணிக்காக, 2010-ம் ஆண்டுக்கான ஜே.சி.டேனியல் விருதை அப்பச்சனுக்குக் கொடுத்தது கேரள அரசு. மலையாளத்தின் முதல் மௌனப் படத்தை எடுத்த டேனியலின் பெயரில் தர்ற விருது. அந்த டேனியல் கடைசி நாள்களைக் கழிச்சு 1975-ல் மறைஞ்சது நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தில். வாழ்ந்த காலத்துல பெருசா யாராலும் கண்டுகொள்ளப்படாத ஒரு முன்னோடி. அவர் பெயர்ல இன்னொரு முன்னோடிக்கு விருது!

2012 ஏப்ரல் 23-ம் தேதி சென்னையில் அப்பச்சன் காலமானார். வயசு 88.

அவருக்குப் பிறகு நடந்த ஒரு துயரத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2016 மே மாதம் கிஷ்கிந்தாவில் ஒரு ராட்டினத்தின் சோதனை ஓட்டத்தின்போது நேர்ந்த விபத்தில் ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். சிலர் காயமடைந்தார்கள். நம்ம குடும்பம் சிரிக்கிறதுக்காக, நமக்கு முன்னாடி ஏறிப் பார்த்து சரிபார்க்குற ஆட்கள் இருக்காங்க. பார்க் போட்டோக்கள்ல அவங்க இருக்க மாட்டாங்க. ஆனா, நம்ம சந்தோஷத்தில் அவங்களுக்கும் பங்கு உண்டு. பெல்ட் மாட்டும்போது கத்தாம, ஆபரேட்டர் சொல்றதைக் கேட்கிறது அவங்களுக்கு நாம கொடுக்குற குறைந்தபட்ச மரியாதை.

அப்பச்சன் தொடங்கின வட்டம் இன்னும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. அவர் படத்துல வில்லனா அறிமுகமான மோகன்லால், 2024 கிறிஸ்துமஸுக்கு முதல்முறையா ஒரு படத்தை இயக்கினார். பெயர் 'பரோஸ்'. குழந்தைகளுக்கான 3டி படம். அதுக்கு அடிப்படை, ஜிஜோ புன்னூஸ் எழுதிய கதை.

மேற்குத் தாம்பரத்தில் இன்னைக்கும் கிஷ்கிந்தா ரோடுன்னு ஒரு சாலை இருக்கு. ஷேர் ஆட்டோக்காரர் கூவுறார், டெலிவரி ஆப்ல முகவரியா வருது. அதைக் கேட்டதும் உள்ளே ஒரு ஹூட்டர் ஊதினா, நீங்க எங்க செட்டுன்னு அர்த்தம்.

ஆயா இப்போ இல்லை. அவங்க கிஷ்கிந்தாவுக்குப் போனது அந்த ஒரே ஒரு தடவைதான். ஏன் அன்னைக்கு மட்டும் தண்ணியில இறங்கினாங்கன்னு அவங்க இருந்தப்போ நான் கேட்டதே இல்லை. தியேட்டர்ல ஐஸ்கிரீமுக்குக் கை நீட்டின கதையை அம்மா சொன்ன பிறகு, கேட்கவே தேவையில்லைன்னு தோணுது. கையில சிக்காத ஐஸ்கிரீமுக்கு ஒரு தடவை கை நீட்டினவங்க, நிஜமாவே தண்ணி தொட்டப்போ சும்மா இருப்பாங்களா?

உங்க வீட்லயும் இப்படி ஒரு டப்பா இருக்கும். இந்த ஞாயித்துக்கிழமை அதைக் கீழே இறக்குங்க. போட்டோவுல இருக்குற பெரியவங்க பக்கத்துல இருந்தா, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு இப்பவே கேட்டுடுங்க.